ஒரே கரும்பலகையில் அண்ணனும் தங்கையும்

அனுப்புநர்:
காலோலைனே ஹவேயா,
மூன்றாம் ஆண்டு, கணிதத் துறை,
மகளிர் விடுதி, நுகுஅலோஃபா, டோங்கா.

பெறுநர்:
மாண்பமை துணைவேந்தர் அவர்கள்,
நிர்வாக அலுவலகம், நுகுஅலோஃபா.

பொருள்: வாய்மொழித் தேர்விலிருந்து வெளியேறியதாகச் சொல்லி என் அண்ணன் ஸியோசாயா ஹவேயா நீக்கப்பட்டது – எழுத்துத் தேர்வு தந்து மீண்டும் சேர்க்கவும், வரும் விசாரணையில் எங்கள் இருவரையும் ஒரே அறையில் நிறுத்தாதிருக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். துறைத் தலைவரிடம் இருமுறை வாய்மொழியாகவும் ஒருமுறை எழுத்திலும் முறையிட்டு, பயனில்லாமல் தங்களுக்கு எழுதுகிறேன்.

1. ஸியோசாயா என் பெரியப்பா மகன். நம் மொழியில் அதற்கென்று தனிச் சொல் கிடையாது; கூடப்பிறந்தவன் என்பதுதான் சொல். ஹாபாய் தீவில் ஒரே வளவில் வளர்ந்தோம். நான் வயதுக்கு வந்த நாள்முதல், நான் இருக்கும் அறைக்குள் அவன் வருவதில்லை. நான் உள்ளே வந்தால் எழுந்து போய்விடுவான். அது பகை அல்ல, மரியாதை. தங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கணிதத் துறைக்குத்தான் விளக்க வேண்டியதாகிவிட்டது.

2. துறையின் கதவில் நோக்க அறிக்கை ஒட்டப்பட்டிருக்கிறது. கணிதம் என்பது கூடி வாதாடுவது. யார் சொன்னாலும் கேள்வி கேட்காமல் ஏற்காதே. பக்கத்தில் நிற்பவரின் நிரூபணத்தில் பிழை கண்டால் உரக்கச் சொல். பாதி மதிப்பெண் இதற்குத்தான். இந்த முறையை நான் குறை சொல்லவில்லை, ஐயா. பள்ளியில் உருப்போட்டுச் சலித்துப்போன எனக்குக் கணக்கு பிடித்ததே இதனால்தான். முதல் இரண்டு ஆண்டுகள் நாங்கள் வெவ்வேறு பிரிவில் இருந்தோம். அடுத்த அறையில் பையன்கள் அண்ணனைப் பார்த்து, “டேய் சாயா, உன் நிரூபணம் உங்க வீட்டுப் பன்னி மாதிரி வேலியத் தாண்டி ஓடுதுடா!” என்று கத்துவது சுவரைத் தாண்டிக் கேட்கும். எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பவன் அவன்தான்.

3. இந்த ஆண்டு ஆசிரியர் பற்றாக்குறையால் இரு பிரிவுகளையும் ஒன்றாக்கினார்கள். நால்வருக்கு ஒரு கரும்பலகை. கணினி பிரித்த குழுவில் எங்கள் இருவர் பெயரும் அடுத்தடுத்து இருந்தன. அன்றே துறைத் தலைவர் டாக்டர் ஸெமீஸி லாவாகி அவர்களிடம் சென்று, என்னை வேறு குழுவுக்கு மாற்றும்படி கேட்டேன். அவர் சொன்னது: “இந்தக் கதவுக்கு உள்ள அண்ணனும் கிடையாது, தங்கச்சியும் கிடையாதும்மா. போர்டு மட்டும்தான். ஒருத்தருக்கு மாத்தினா நாளைக்கு ஊரே வந்து நிக்கும்.” அவரும் இந்தத் தீவில் பிறந்தவர்தான். வெளிநாட்டில் நெடுநாள் இருந்து திரும்பியவர். தம் தங்கையின் திருமணத்தன்று அவர் எந்த அறையில் இருந்தார் என்று கேட்க எனக்கு உரிமையில்லை, கேட்கவுமில்லை.

4. அந்தப் பருவம் முழுதும் அண்ணன் வாசலுக்கு வெளியே நின்று சன்னல் வழியாகப் பலகையைப் பார்த்தான். நான் வெளியேறினால் அவன் உள்ளே வந்து எழுதுவான். என் முன்னால் அவனைக் கேலி செய்யக் கூடாது என்பதால் மற்ற இருவரும் தேவாலயத்தில் நிற்பதுபோல வாய்மூடி நின்றார்கள். எங்கள் பலகையில் வாதாட்டமே நடக்கவில்லை. “பங்கேற்பு இல்லை” என்று பதிவானது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

5. மே மாதம் வாய்மொழித் தேர்வு. அன்று அண்ணன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே வந்தான். ஊரில் பெரியப்பா நம்பியிருந்தது அவனுடைய படிப்பை. தொடர்ச்சி பற்றிய ஒரு நிரூபணம் எழுதினான். ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியே ஓர் எண் கிடைக்கும் என்பதை வைத்துக்கொண்டு, எல்லாப் புள்ளிகளுக்கும் பொதுவாக ஒரே எண் கிடைக்கும் என்று எழுதிவிட்டான். சாதாரணமாக அவன் செய்யக்கூடிய பிழை அல்ல; நான் அதே அறையில் நின்றிருந்தேன். தலைவர் என் பக்கம் திரும்பி, “பிழை எங்க இருக்குன்னு சொல்லு” என்றார். எனக்குத் தெரிந்தது. ஊரறிய என் அண்ணனைத் தாழ்த்திப் பேச எனக்கு வாய் வரவில்லை. “தெரியலையா, சொல்ல மாட்டியா? ரெண்டுக்கும் முட்டைதான்” என்றார். அப்போது அண்ணன் சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு வெளியே போனான். அவன் போனால் நான் பேச வேண்டியதில்லை என்பதற்காகத்தான் போனான். பிறகு எனக்கு வேறு கேள்வி கேட்டார்கள்; நான் தேறினேன். அவன் “தேர்வைப் புறக்கணித்தவர்” ஆனான்.

6. ஒவ்வொரு மாணவருக்கும் பொருந்தும் வழி ஒன்று உண்டு என்பது உண்மை. ஆகையால் எல்லோருக்கும் ஒரே வழி பொருந்தும் என்று துறை எழுதிக்கொண்டது. பலகையில் என் அண்ணன் செய்ததும் இதே பிழைதான்; அவனை நீக்கினார்கள். மன்னிக்கவும், ஐயா, இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

7. உதவித்தொகை நின்றது. அண்ணன் ஊருக்குத் திரும்பினான். கடலட்டை பிடிக்கும் பருவம் தொடங்கியதும், படகிலிருந்து காற்றனுப்பும் கம்ப்ரசர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு முங்கப் போனான். கரையோரத்தில் அட்டை தீர்ந்துபோய், ஆழத்துக்கு இறங்கியிருக்கிறார்கள். இயந்திரம் நின்றுவிட, ஒரே மூச்சில் மேலே வந்திருக்கிறான். ஆழத்திலிருந்து அப்படிச் சட்டென்று ஏறினால் இரத்தத்தில் காற்றுக் குமிழி உண்டாகி நரம்பைத் தாக்குமாம்; இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இனி வராது என்கிறார் மருத்துவர். இப்போது தலைநகர் மருத்துவமனையில் இருக்கிறான். படுத்தபடியே கணக்குப் போடுகிறான். “என்னத்தையோ கிறுக்கிக்கிட்டே இருக்கான்டி. சோத்தத் தொடுறதில்ல. இதையாவது செய்யட்டும்” என்று பெரியம்மா தாழ்வாரத்தில் என்னிடம் சொல்லி அழுதார். நடக்க முடியாதவன் கணக்காசிரியராக முடியும். அவனுக்கு மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

8. அவனை மீண்டும் சேர்ப்பது பற்றி வரும் 14ஆம் தேதி துறைத் தலைவரின் அறையில் மூன்று பேராசிரியர்கள் முன்னிலையில் விசாரணை நடக்கும் என்றும், அவனைச் சக்கர நாற்காலியில் அழைத்துவர வேண்டும் என்றும், சாட்சியாக நானும் அவனுடன் நேரில் இருக்க வேண்டும் என்றும், வராவிட்டால் என் தேர்ச்சியும் ரத்தாகும் என்றும் அறிவிப்பு வந்துள்ளது. சென்ற வாரம் மருத்துவமனையில் விவரம் அறியாத ஒரு செவிலி, “தங்கச்சி வெளியவே நிக்கிறாளே, பாவம்” என்று அறைக் கதவைத் திறந்துவிட்டார். அண்ணன் என்னைப் பார்த்தான். பழக்கத்தில் எழுந்து போகப் பார்த்தான். கட்டிலிலிருந்து தரையில் விழுந்தான். ஓடிப்போய்த் தொட்டுத் தூக்கவும் எங்கள் முறை இடம் தராது, தாழ்வாரத்துக்கே திரும்பிவிட்டேன். உள்ளே அவன், “கதவைச் சாத்துங்க, கதவைச் சாத்துங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

ஆகவே, அண்ணனுக்கு எழுத்துத் தேர்வு நடத்தி அவனை மீண்டும் சேர்க்கும்படியும், இனி இதுபோன்ற உறவுடையவர்களை ஒரே பலகையில் நிறுத்தாதிருக்கத் துறைக்கு ஆணையிடும்படியும் கேட்டுக்கொள்கிறேன். என் சாட்சி இந்த மனுதான். பதினான்காம் தேதி நான் அந்த அறைக்கு வரமாட்டேன். அதற்காக என் தேர்ச்சியை ரத்து செய்வதானால் தாராளமாகச் செய்துகொள்ளலாம். மேல்முறையீடு செய்ய மாட்டேன். மூன்று பேராசிரியர்கள் பார்த்திருக்க, அவன் இன்னொரு முறை என்னால் தரையில் விழக் கூடாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
காலோலைனே ஹவேயா

இடம்: நுகுஅலோஃபா
நாள்: 3 அக்டோபர்