கோமாளி மீனுக்கு ஒரு ஜோடி

இன்று காலை மீன்தொட்டிக்குத் தண்ணீர் மாற்ற உப்பைக் கரைத்தேன். கை முழுக்கக் கடல் வாசனை. கடலே இல்லாத காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்துத் தறிச் சத்தத்துக்கு நடுவே இந்த வாசனை எழும்போதெல்லாம், நீங்கள் அடுத்த அறையில் இருப்பதுபோலவே இருக்கிறது.

நமக்குக் கல்யாணமான புதிதில், ஏசி பழுதுபார்க்கப் போன ஒரு வீட்டில் வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு நிறக் கடல் மீனான கோமாளி மீனைப் பார்த்துவிட்டு வந்து, சோறு ஆறுவது தெரியாமல் அதைப் பற்றியே பேசினீர்கள். பிறகு சென்னை கொளத்தூரில் இருக்கும் வளர்ப்பு மீன் கடைக்கு என்னையும் அழைத்துப் போனீர்கள். ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருந்த இரண்டைக் காட்டி, நல்ல ஜோடி என்றேன். நீங்கள் வேண்டாமென்று தலையாட்டினீர்கள்.

"ஒரே அளவா இருந்தா ரெண்டும் சண்ட போட்டுக்கினே இருக்கும்மா. ஒண்ணு பெரிசு, ஒண்ணு சிறிசு பாரு. எர போட்டா ஓடி வருதான்னு பாரு. அவசரமே இல்ல."

வெகுநேரம் நின்றோம். அந்த நீல வெளிச்சத்தில் நாமும் நீருக்குள் நிற்பதுபோல் இருந்தது.

வீட்டில் விட்டதும் பெரியது சிறியதை விரட்டியது. சிறியது ஒருபக்கமாய்ச் சாய்ந்து உடம்பெல்லாம் நடுங்கியது. செத்துவிடப் போகிறதென்று பதறினேன். நீங்கள் சிரித்தீர்கள். நீதான் பெரியவள் என்று அது ஒப்புக்கொள்கிறதாம். இந்த மீன்கள் எல்லாமே ஆணாகத்தான் பிறக்குமாம். ஜோடியில் பெரியது பெண்ணாக மாறிவிடுமாம். நான் நம்பவில்லை. சில நாளில் இரண்டும் தொட்டிக்குள் கிடந்த மண்சட்டியில் ஒன்றாகப் படுத்துக்கொண்டன. முட்டை வைத்திருக்கிறதா என்று தினமும் சட்டிக்குள் எட்டிப் பார்த்தீர்கள். பார்க்காமலே ஒரு மத்தியானத் தூக்கத்தில் போய்விட்டீர்கள்.

அடுத்த மழையில் கரண்ட் நின்று, தொட்டிக்குக் காற்று விடும் மோட்டாரும் ஓய்ந்தபோது பெரிய மீனும் போனது. மிஞ்சியது சட்டியை விட்டு வரவில்லை, இரையைத் தொடவில்லை. தொட்டியைக் கடைக்கே கொடுத்துவிடலாம் என்றான் என் தம்பி. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஆனால் கொடுக்கக் கை வரவில்லை. தனியாகக் கொளத்தூருக்குக் கிளம்பினேன்.

கடைக்காரருக்கு என்னை நினைவிருந்தது. "சார் வரலையாம்மா?" என்றார்.

"இல்லப்பா. நான்தான் வந்திருக்கேன்."

இருந்ததிலேயே சின்னதாய், இரைக்கு முதலில் ஓடி வந்ததை எடுத்தேன். ரயில் வாலாஜாபாத்தைத் தாண்டியும் மடியிலிருந்த பையைத் துண்டால் போர்த்தியே வைத்திருந்தேன்.

பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் கலந்து, பிறகு மீனை விட்டேன். அன்று நடுங்கிய அதே மீன் இப்போது விரட்டியது. புதியதன் வாலோரம் கிழிந்தது. பிரித்துவிட வலையைக் கையில் எடுத்தேன். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, உங்களைப்போல நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சில நாள் கழித்து, வெயில் தொட்டிக்குள் இறங்கியிருந்த ஒரு பிற்பகலில் சின்னது சாய்ந்து நடுங்கியது. பெரியது அப்படியே நின்றது. பிறகு சட்டியின் வாயிலிருந்து விலகி வழிவிட்டது.

வருஷம் ஒன்று ஓடிவிட்டது. நீங்கள் வாங்கிய அந்த மீன் இப்போது நன்றாகப் பருத்து, நீங்கள் சொன்னபடியே பெண்ணாகியிருக்கிறது. நேற்று சட்டியின் உட்புறம் கேசரி நிறத்தில் முட்டைகள். சின்னது துடுப்பால் ஓயாமல் விசிறிக்கொண்டிருக்கிறது. பார்க்க வந்த தம்பியிடம் சத்தம் போடாதே என்று கை காட்டினேன். இப்போதெல்லாம் என் குரலும் உயர்வதில்லை. கண்ணாடி முன் உட்கார்ந்து, முட்டைகள் எப்படி இருக்கின்றன என்று தணிந்த குரலில் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதைவிடச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருப்பதாகத் தோன்றவில்லை.