அப்பா வைத்த ஊசி

கடல் தாண்டி அலுவலகம் ஆளும், என் அக்கா பெற்ற அருமை மருமகளுக்கு, தகரக் கொட்டகைச் சக்கரவர்த்தியாகிய உன் மாமா, ஒரு பூனையும் ஒரு ஸ்பானரும் அடங்கிய சகல பரிவாரங்களுடன் ஆசி கூறி எழுதுவது.

நான் நலம். முதுகு மட்டும் என் ராஜ்யத்தை எதிர்த்துக் கலகம் செய்கிறது. உன் அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாள், வேளை தவறாமல் என்னைத் திட்டுகிறாள். ஆக, உடம்புக்குக் குறைவில்லை.

உன் அப்பா செய்த பொம்மைப் பந்தயப் படகு மோட்டாரைப் பற்றி எழுத வேண்டும். உள்ளங்கையில் அடங்குகிற சாமான்தான். ஆனால் முடுக்கிவிட்டால் மேகம் ஒதுங்கி வழிவிடும். அடுத்த தெரு பல் டாக்டரிடம் ஆடாத பல்லும் தானாகக் கழன்று விழும். அத்தான் போய்ச்சேர்ந்ததிலிருந்து தினம் சாயங்காலம் அதைச் சோதனை மேசையில் பூட்டி ஓட்டுகிறேன். அக்காவின் உத்தரவு. ஓட ஆரம்பித்ததும் அடுப்படியிலிருந்து, "காபி ஆறுதுங்க, போதும் வாங்க" என்று குரல் வரும். நான் பிறந்ததிலிருந்து என்னை அவள் 'ங்க' போட்டுக் கூப்பிட்டதில்லை.

சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு ஓடுவாய், அதனால் விளக்கிச் சொல்கிறேன். மோட்டாருக்குள் எவ்வளவு எரிபொருள் போக வேண்டும் என்பதை ஒரு திருகு தீர்மானிக்கும். ஊசி என்போம். அத்தான் அதைக் கடைசியாக வைத்தது கோடையில். இப்போது குளிர், காற்று கனத்துவிட்டது. ஊசியைக் கொஞ்சம் திறந்து கூடுதலாகக் கொடுக்காவிட்டால் உள்ளே காய்ந்து கொதிக்கும். மோட்டார் தெரிந்த எவனும் கண்ணை மூடிக்கொண்டு திறந்துவிடுவான். போன வாரம் நானும் திறந்தேன், ஒரு மயிரிழை. புகை கொழுத்தது, சத்தம் கொஞ்சம் இறங்கி இதமாக ஓடியது. உன் அம்மா ஈரக்கையோடு வந்து வாசலில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, மோட்டாரைப் பார்த்து, "யாரு உள்ள?" என்றாள்.

பழைய இடத்துக்கே திருப்பிவிட்டேன்.

நேற்றுப் பிரித்துப் பார்த்தேன். பிஸ்டனில் கீறல் விழுந்திருக்கிறது. இப்படியே ஓட்டினால் இன்றோ நாளையோ வீல் என்று கத்திவிட்டு இறுகி நின்றுவிடும். பிறகு என் பூனை படை திரட்டி வந்தாலும் அசையாது. அவளிடம் சொன்னேன். "அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்று கேட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அவள் கேட்டால் மோட்டாருக்குச் சளி என்று சொல்லி இரண்டு நாள் ஓட்டாமல் சமாளிப்பேன். அதற்கு மேல் என் பொய் தாங்காது. இங்கே வர லீவு கிடைக்காவிட்டால் எனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லு, அல்லது செத்தேபோனேன் என்று சொல்லு, கோபித்துக்கொள்ள மாட்டேன். நான் ஊசியை மறுபடி திறக்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொள்ள ஒருத்தி வேண்டும், தாயே. என் இரண்டு கையும் மோட்டாரில் இருக்கும்.

நீ நன்றாக இருக்க வேண்டும். வா.

உன் மாமா