சரிபார்க்காத வரைபடம்

நிக்டி, புணே
14 ஆகஸ்ட் 2004

சிரஞ்சீவி சந்துருவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், என் வலது முழங்காலை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதே. அங்கே நீயும் கிருஷ்ணப்ரியாவும் குழந்தை மீனுவும் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் தினப்படி வேண்டுதல். மழை விடவில்லை, நாலு நாளாகத் துணி காயாமல் அம்மா ஹாலுக்குக் குறுக்கே கயிறு கட்டிவிட்டாள், நான் என் வீட்டிலேயே குனிந்து குனிந்து நடமாடுகிறேன். நீ அனுப்பிய போட்டோ வந்தது. ஆற்றங்கரையில் சைக்கிளுக்கென்றே ஒரு பாதை, அதில் மீனு சிவப்புத் தொப்பியோடு முன்னால் போகிறாள், கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு கார் கிடையாது. அம்மா அதை ஃபிரிட்ஜ் மேல் சாய்த்து வைத்திருக்கிறாள். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. உன்னிடம் மறைப்பானேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் பதில் சொன்னால் நான் கத்துவேன் என்று அம்மா போனை வாங்கி வைத்துவிட்டாள். இன்டர்நெட்டில் சைக்கிள்காரர்களுக்காக நீ ஒரு பக்கம் நடத்துகிறாய், உலகத்தில் எங்கெங்கே வண்டித் தொந்தரவு இல்லாத வழி இருக்கிறதோ அதையெல்லாம் போடுகிறாய், சந்தோஷம். "அந்தப் பவனா மேப்பை ஸ்கேன் பண்ணி அனுப்புப்பா, சும்மாதானே கெடக்கு" என்றாய். சும்மா கிடக்கவில்லை சந்துரு. அது போகக்கூடாத இடமெல்லாம் போய்விட்டு வந்துவிட்டது. ஏழு வருஷமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

அதை நான் யாருக்காக வரைந்தேன் என்றாவது நினைவிருக்கிறதா? நீ ஜெர்மனி போன மறுவருஷம், தொண்ணூற்றாறு டிசம்பரில் வருகிறேன், நாம் இரண்டு பேரும் பவனா ஆற்றோரம் சைக்கிளில் போகலாம் என்று எழுதியிருந்தாய். நான் ஆறு மாதம் ஞாயிறு தவறாமல் போய் அளந்தேன். முப்பத்திநாலு கிலோமீட்டர். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் நெல்வயல், காலையில் ஒரு எஸ்.டி. பஸ், சாயந்திரம் ஒன்று, அவ்வளவுதான் போக்குவரத்து. எந்த வளைவில் நாவல் மரம், எந்தக் கிணற்றில் குடிக்கிற தண்ணீர், எந்த மேட்டில் இறங்கித் தள்ள வேண்டும் என்று எல்லாவற்றையும் குறித்து, டிரேசிங் தாளில் மை போட்டு, கீழே கட்டமும் போட்டேன். வரைந்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. சரிபார்த்தவர் என்ற இடத்தை உனக்காகக் காலியாக விட்டேன். முப்பத்திரண்டு வருஷம் பிம்ப்ரியில் டிராயிங் ஆபீஸில் இருந்தவன், இரண்டாவது ஆள் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு தாளைக்கூட நான் வெளியே விட்டதில்லை. ஆனால் நீ வரவில்லை. புது வேலை, லீவு கிடையாது என்றாய். சரி என்றேன், வேறென்ன சொல்ல.

மறுமாதம் நம் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் மலர். அதைத் தயார்செய்கிற விச்சுவை உனக்குத் தெரியுமே, எதிர் பிளாக்கில் இருக்கிறவன். இரண்டு பக்கம் காலியாக இருக்கிறது, ஏதாவது கொடு என்று வந்து உட்கார்ந்தான். நீ பார்க்காத படத்தை யாராவது பார்க்கட்டுமே என்று எனக்கு ஒரு வீம்பு. சரிபார்த்தவர் கட்டம் காலியாகவே இருக்க, எடுத்துக் கொடுத்துவிட்டேன். அந்த ஒரு தடவைதான் விதியை மீறினேன். 'வண்டிகள் இல்லாத அமைதியான சாலை' என்று விச்சு மேலே தலைப்பு வேறு போட்டான். அதைப் படித்தவர்கள் எதில் வந்தார்கள் தெரியுமா, ஸ்கூட்டரில் வந்தார்கள், பிறகு மாருதி வேனில் குடும்பத்தோடு வந்தார்கள், நாவல் மரத்தடியில் புளியோதரையைப் பிரித்து வைத்துக்கொண்டு எனக்குக் கையாட்டினார்கள். எல்லாரும் தெரிந்தவர்கள், முறைக்கவும் முடியவில்லை. வீட்டுக்கு வந்து புலம்பினால் அம்மா, "நீங்களே ஊரைக் கூப்ட்டுட்டு நீங்களே கோவிச்சுண்டா எப்படி" என்கிறாள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மலருக்கு விளம்பரம் கொடுத்தவர்களுக்கெல்லாம் ஒரு பிரதி போகிற வழக்கம். அதில் ஒருவர் நிலம் வாங்கி மனை போட்டு விற்கிறவர். இரண்டு வருஷம் கழித்து வாசலில் ஒரு விளம்பரத்தாள் கிடந்தது, ஆற்றோரம் ஃபார்ம் ஹவுஸ் மனைகள் என்று. உள்ளே என் படம். பெயரை எடுத்துவிட்டார்கள், ஆனால் ஏழு என்கிற எண்ணுக்கு நடுவில் குறுக்குக் கோடு போடுவது என் கை அல்லவா, அது அப்படியே இருந்தது. அந்தச் சாலையோரத்து வயல்காரர் தோண்டிபா, எனக்குப் போகும்போதெல்லாம் மோர் கொடுப்பவர், அவரைப் போய்ப் பார்த்தேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். "பேடா க்யா, சாஹேப்", எடுத்துக்கொள்ளுங்கள் என்று மராத்தியில் சொல்லி இரண்டு பேடாவைக் கையில் திணித்தார். வயலை நல்ல விலைக்குக் கொடுத்துவிட்டாராம், என் படத்தை, அவர் வாயில் நக்ஷா, பார்த்துத்தான் அவர்கள் வந்தார்களாம், மகனுக்கு டம்பர் லாரி எடுத்துக் கொடுக்கப் போகிறாராம். அவர் சந்தோஷத்தைக் குறை சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது. இரண்டு பேடாவையும் அவர் எதிரிலேயே தின்றுவிட்டு வந்தேன். சாலையை அகலப்படுத்தினார்கள், நாவல் மரம் போயிற்று, மணல் லாரியும் ஜல்லி லாரியுமாக இப்போது அங்கே சைக்கிளை ஓரமாக நிறுத்தக்கூட இடமில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே. போன வருஷம் என் முழங்கால் மாடிப்படியில் போனதாக அவள் போனில் சொன்னது பொய். அந்தச் சாலையில்தான். ஒரு டம்பர் உரசிக்கொண்டு போனது, நான் சைக்கிளோடு பள்ளத்தில் கிடந்தேன். ஓட்டியவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது தோண்டிபா மகனின் வண்டிதானா என்று நான் விசாரிக்கவில்லை, விசாரிக்கவும் மாட்டேன். டாக்டர் தட்டையான சாலையில் சைக்கிள் மிதிக்கலாம், கனம் மட்டும் தூக்கக்கூடாது என்றார்.

இப்போது கேள். ஆற்றின் அக்கரையில் ஒரு வழி இருக்கிறது. பிப்ரவரியில் கண்டுபிடித்தேன். ஊர்ப்பெயரைக் கடிதத்தில்கூட எழுதமாட்டேன், அம்மாவுக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. ஒன்பதாவது கிலோமீட்டரில் ஓடையின் மேல் இருந்த தரைப்பாலம் உடைந்து கிடக்கிறது, அதனால் கார் போக முடியாது, லாரி போக முடியாது. மழை விட்டுவிட்டால் ஓடையில் கணுக்கால் தண்ணீர்தான் இருக்கும், கல் மேல் கால் வைத்து இறங்கி ஏறலாம். ஓடைக்கு அந்தப் பக்கம் சாலை ஆற்றை ஒட்டியே வளைந்து போவது பாலத்தடியில் நின்றால் தெரிகிறது. ஆடு மேய்க்கிறவர் ஒருவர் அது மலையடிவாரம் வரை போகிறது என்றார். அதையும் வரைய ஆரம்பித்திருக்கிறேன், ஆனால் பென்சிலில். உன் இன்டர்நெட்டுக்கு அது வராது, நீ எத்தனை தடவை கேட்டாலும் வராது. ஒவ்வொரு வருஷமும் டிசம்பரில் பார்க்கலாம் பார்க்கலாம் என்கிறாய், எட்டு டிசம்பர் பார்த்தாயிற்று, இரண்டு முறை வந்தாய், இரண்டு முறையும் நாலு நாள், அதில் இரண்டு நாள் மாமியார் வீடு. குத்திக் காட்டுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள், குத்தித்தான் காட்டுகிறேன்.

அங்கே குளிர் தொடங்குமுன் மீனுவுக்குக் காதை மூடுகிற தொப்பி வாங்கு, சிவப்புத் தொப்பி காதை மூடவில்லை. கிருஷ்ணப்ரியாவுக்கு அம்மா பருப்புப்பொடி இடித்து வைத்திருக்கிறாள், தபாலில் அனுப்ப மாட்டாளாம், வந்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறாள். நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு ஒற்றுமையாக இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம். மறக்காமல் ஒன்று செய், மீனுவைச் சுவரோரம் செருப்பில்லாமல் நிற்க வைத்து, தரையிலிருந்து இடுப்பு வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எழுது, இங்கே அவளுக்கான சைக்கிளில் சீட்டை அதற்குத் தகுந்தாற்போல் வைக்க வேண்டும். பென்சில் படத்தில் உடைந்த பாலம் வரைதான் கோடு போட்டிருக்கிறேன், அதற்கு மேல் புள்ளிகள்தான், ஏனென்றால் அங்கே சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும், என்னால் முடியவில்லை. ஆறு மாதமாக அதுவரை போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ராமநாதன்