நடைவழியில் ஒரு நாற்காலி

என் தங்கப் பேத்திக்கு,

உன் பாட்டி எழுதுவது. உடம்பு நலம்தானே? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நான் வீட்டுக்குள் உட்கார்ந்து இதை எழுதவில்லை. நம் மனையின் ஓரத்தில், பின்வீட்டுக்குப் போகிற நடைவழியில், நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எதிரே கலவை மெஷின் நிற்கிறது. நான் எழுந்தால் அது ஓடும். அதனால் எழ மாட்டேன்.

போனில் சொல்லலாமே என்பாய். போன் உன் அப்பா கையில் இருக்கிறது. நான் பேசினால் பக்கத்திலேயே நிற்பான். எனக்கும் பாதிக் காதுதான். ஐந்தாவதோடு நின்ற படிப்பானாலும் என் எழுத்து கோணாது, அது உனக்குத் தெரியும். நீயும் நானும் ‘அவசரம்’ என்று பெயர் வைத்தோமே, அந்த மேஸ்திரிதான் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். “தாய்க்கும் மகனுக்கும் நடுவுல எனக்கு என்னம்மா வேலை? மனை யாரு பேர்ல இருக்கோ அவங்க ஒரு வார்த்தை சொல்லட்டும். மெஷினை ஓட்டுன்னா ஓட்டுறேன், வண்டியில ஏத்துன்னா ஏத்துறேன்” என்றார். அவசரத்துக்கே பொறுமை வந்துவிட்டது, பார்த்துக்கொள்.

மனை உன் பேரில்தான் இருக்கிறது. தாத்தா உனக்கென்று எழுதிவைத்தது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

போன வாரம் பழைய வீட்டை ஒட்டிப் புதுவீடு கட்டும் கடனுக்குப் பத்திரங்களைக் கொடுத்திருந்தோம் அல்லவா? பேங்க் வக்கீலம்மா உன் அப்பாவையும் என்னையும் கூப்பிட்டு அனுப்பினாள். உன் வயதுதான் இருக்கும். உன் அப்பா கையோடு வில்லங்கச் சான்றிதழைக் கொண்டுபோய், ஒரு வில்லங்கமும் இல்லை என்று நீட்டினான். அவள் அதை ஓரமாக வைத்துவிட்டு, “இது இந்த முப்பது வருஷக் கதை சார். அதுக்கு முந்தின மூலப்பத்திரத்தை யாராவது முழுசாப் படிச்சீங்களா?” என்று கேட்டாள். நாங்கள் யாரும் அதைப் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை.

நமக்கு முன்மனையை விற்றவர், பின்மனையைத் தனக்கென்று வைத்துக்கொண்டாராம். அதற்குப் போக வேறு வழி கிடையாது. அதனால் நம் மனையின் ஓரத்தில் ஒரு வண்டி போகிற அகலத்துக்கு எப்போதும் வழி விட வேண்டும், அதன் மேல் எந்தக் கட்டடமும் எழுப்பக் கூடாது, இது இரண்டு பக்க வாரிசுகளையும் கட்டும் என்று எழுதியிருக்கிறது. உன் அப்பா, “எழுதினவங்க எல்லாம் போய்ச் சேந்துட்டாங்க மேடம்” என்றான். அவள், “எழுதினவங்க போவாங்க சார். எழுதினது மனையோட நிக்கும்” என்றாள்.

அவனைக் கோபிக்காதே கண்ணு. உன் தாத்தா வருடத்துக்கு ஒரு நாள் நடைவழியின் தெருக்கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் நிற்பார். வழி நம்முடையது, நாம் மனமிரங்கி விடுகிறோம் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டுமாம். மறுநாள் திறந்துவிடுவார். அதைப் பார்த்து வளர்ந்தவன் உன் அப்பா. “தானமா குடுத்ததைத் திருப்பி எடுத்துக்க நமக்கு உரிமை இல்லையா?” என்கிறான். தானம் என்றே இத்தனை வருடம் இந்த வீடு நம்பிவிட்டது. நானும்தான்.

வக்கீலம்மாவைப் பார்த்துவிட்டு வந்தவன், கடனே வேண்டாம், நீ அனுப்பிய பணத்தை வைத்து அஸ்திவாரத்தைப் போட்டுவிடலாம் என்று முடிவுகட்டினான். பின்வீட்டுக்காரர்கள் விழித்துக்கொள்வதற்குள் தூண் எழும்பிவிட்டால் யார் இடிக்கப்போகிறார்கள் என்று ஒரு கணக்கு. உன்னிடம் போனில், “எல்லாம் கிளியர்மா” என்றானே, அப்போது நான் அடுத்த அறையில் இருந்தேன். இந்தப் பாதிக் காதுக்கு அந்த மாதிரிப் பேச்சு மட்டும் முழுசாகக் கேட்கும்.

நடைவழியில் குழி தோண்டி, குறுக்கே ஒரு பலகை போட்டிருக்கிறார்கள். பின்வீட்டுத் தையல்காரியின் புருஷன் போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோனது உனக்குத் தெரியாது. கட்டு மாற்றுவதற்காக இன்று காலை அவரை நாற்காலியோடு தூக்கி அந்தப் பலகை மேல் கொண்டுவந்தார்கள். நடுவில் பலகை வில் மாதிரி வளைந்தது. அவர் பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் காற்றைப் பிடித்தார். எப்படியோ தாண்டிவிட்டார்கள். அவள் ஏசுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்து, “அக்கா, மழை வந்துட்டா நாங்க எப்படிப் போறதுன்னு மட்டும் சொல்லிடுங்க” என்றாள். ஏசியிருந்தால் பதிலுக்கு நானும் ஏசியிருப்பேன். உள்ளே போய் நாற்காலியை எடுத்துவந்தேன்.

உன் அப்பா ஓடி வந்தான். “எழுந்திரும்மா, தெருவே சிரிக்குது” என்றான். “சிரிக்கட்டும்டா, யாரும் சாபம் விடாம இருந்தாச் சரி” என்றேன். “நான் யாருக்காகக் கட்டுறேன்?” என்று கேட்டான். உள்ளே போனவன் இன்னும் சாப்பிடவில்லை. நானும்தான். மேஸ்திரி தலைக்கு மேல் ஒரு தார்ப்பாய் கட்டி, டீ வாங்கிக் கொடுத்தார்.

கட்டிய பிறகும் கோர்ட்டு இடிக்கச் சொல்லும் என்று வக்கீலம்மா சொல்லித்தான் அனுப்பினாள். அத்தனை தூரத்தில் தனியாக நின்று நீ சம்பாதித்தது, இடிந்த சுவராகவும் வாய்தாவாகவும் போகக் கூடாது. கட்டடத்தை இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டால் நடைவழி பிழைத்துவிடும். கீழ்த்தளத்தில் ஒரே ஒரு அறைதான் குறையும்.

எந்த அறை என்று உனக்குத் தெரியும். உன் கையால் வரைந்து அனுப்பிய படத்தை மடித்து என் பையிலேயே வைத்திருக்கிறேன். வருகிறவர், போகிறவர் எல்லோருக்கும் காட்டி, என் பேத்தி வரைந்தது என்று பீற்றிக்கொண்டதில் மடிப்பே கிழிந்துவிட்டது. படி ஏற வேண்டாதபடி கீழே, ஜன்னல் வழிப்பக்கமாக, உள்ளேயே குளியலறை வைத்து, நடுவில் ரெண்டே வார்த்தை எழுதியிருந்தாய். அதை அழித்துவிடு கண்ணு. எனக்கு ஹால் கட்டில் பழகிப்போனது. ஹாலில் படுத்தால்தான் நீ வரும்போது கதவுச் சத்தம் முதலில் எனக்குக் கேட்கும்.

இதைப் பார்த்ததும் அப்பாவைக் கூப்பிடு. மனைக்காரியாகப் பேசாதே, மகளாகப் பேசு. முதலில் சாப்பிட்டாயா என்று கேள். அப்புறம் வழியை விட்டுக் கட்டச் சொல். நீ சொன்னால் அவனுக்குத் தோல்வி இல்லை. நான் சொன்னால் அது தோல்வி.

யார் வழியையும் மறிக்காத வாசல் உனக்கு அமையட்டும். அந்த வாசலில் நீ சீக்கிரம் வந்து நிற்க வேண்டும். வெயில் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது, சீக்கிரம் பேசு.

உன் வார்த்தை வரும்வரை எழாத,
உன் பாட்டி