சாக்கைக் கழித்த நிறை

என் அன்புத் தங்கச்சி கமலிக்கு,

கல்லடி வீட்டு முன்னறையில், உன் சேமிப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து இதை எழுதுகிறேன். அதன் பச்சை விளக்கு இப்போது சிமிட்டிக்கொண்டிருக்கிறது. சிமிட்டினால் ஓடுகிறது, அசையாமல் நின்றுவிட்டால் நான் எழும்ப வேண்டும். நீ கண் மூடியதிலிருந்து என் வேலை அதுதான்.

அம்மா உனக்குத் தந்த வீடு இது. நம் வழக்கப்படி, கல்யாணம் முடித்ததும் நான் இதை விட்டுக் குருக்கள்மடத்துக்கு, என் மனைவியான உன் மச்சாளின் வீட்டுக்குப் போனவன். வாத்தியார் வேலையில் ஓய்வு கிடைத்ததும் இனி மனிசன் வீட்டோடுதான் என்று அவள் சந்தோஷப்பட்டாள். எந்த வீட்டோடு என்று அப்போது கேட்கவில்லை. இப்போது போனில் கேட்கிறாள்.

"அந்தப் பெட்டிக்குத் தாலி கட்டிட்டீங்களா? இஞ்ச ஒரு மனிசி இரிக்கிறா எண்டு ஞாபகம் இரிக்கா?"

"வாறன் கா, வாறன்."

"இதைத்தானே போன மாசமும் சொன்னீங்க."

நான் ஏன் போக முடியாமல் இருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வாவிக்கரையில் உள்ள சின்னச் சின்ன மருத்துவ நிலையங்களின் ஸ்கேன் படங்கள் வலைப்பின்னல் வழியே இந்தப் பெட்டிக்கு வந்து சேர நீ ஒரு நெறிமுறை எழுதினாய். படம் பொதி பொதியாக வரும். ஒவ்வொரு பொதிக்கும் ஒரே அளவான தலைப்பகுதி கட்டாயம். சொல்ல வேண்டியது கூடினால் மட்டும் இன்னொரு தலைப்பகுதி சேரும். அது விருப்பம்.

வகுப்பில் சொல்வது போலச் சொன்னால், பிள்ளை புத்தகப் பை இல்லாமல் வரக் கூடாது. மழை நாளில் குடையும் கொண்டு வரும். குடை வந்தால் அதற்கு எவ்வளவு இடம் விடுவது என்று வாசலிலேயே தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக அந்தக் கூடுதல் தலைப்பகுதிக்கு ஒரு சின்ன உறை வைத்தாய். இது என்ன வகை, எவ்வளவு நீளம் என்று சொல்வது அந்த உறைதான்.

ஆனால் அந்த நீளத்தில் உறையும் சேருமா? அதை எழுத மறந்தாயா, தேவையில்லை என்று விட்டாயா?

பழைய நிலையங்களுக்கு நீயே நிரல் எழுதிக் கொடுத்தாய். அவை உறையைச் சேர்க்காமல் எண்ணுகின்றன. வாழைச்சேனையில் புதிதாகத் தொடங்கிய நிலையத்துக்குக் கொழும்பில் ஒரு தம்பி எழுதினார். அவர் உறையோடு எண்ணிவிட்டார். உன் பெட்டியோ அதற்கு மேலும் ஓர் உறை அளவைக் கூட்டி, வராத மிச்சத்துக்காகக் காத்து நிற்கிறது. அது நின்றால் எல்லாரும் நின்றார்கள். டொக்டர் படத்துக்குக் காத்திருப்பார், நோயாளி டொக்டருக்குக் காத்திருப்பார். நான் பெட்டியை அணைத்துப் போட்டு, வாழைச்சேனைக்கு போன் எடுத்துத் திரும்ப அனுப்பச் சொல்ல வேண்டும். கூடுதல் தலைப்பகுதி எந்தப் படத்தோடு வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் கடைக்குப் போனாலும் அரைவாசி வழியில் திரும்பி ஓடி வருகிறேன்.

உன்னோடு வேலை செய்த காத்தான்குடி ரிசானா வந்து எல்லாவற்றையும் பார்த்தாள்.

"சேர், நீளம் எண்டு மட்டும்தான் கமலி எழுதியிரிக்கா. உறையோடயா, உறை இல்லாமலா?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"கேள்வியைத் திருப்பித் தராதீங்க சேர். நான் சோதினை எழுத வரல்ல." சிரித்துவிட்டுச் சொன்னாள்: "உறையோட எண்டு எழுதிட்டு, பெட்டியில கொஞ்சம் மாத்தினா வாழைச்சேனை சரி. இண்டைக்கே நீங்க வீட்ட போகலாம்."

"மற்ற இடங்கள்?"

"அவங்க நிண்டு போவாங்க. அங்க மாத்துறதுக்கு ஆள் இல்ல." பிறகு மெல்லக் கேட்டாள். "ஆனா கமலி நினைச்சது எது சேர்? பெட்டியில உறையக் கழிச்சித்தான் இரிக்கு. அது நினைச்சுச் செய்ததா, கை தவறினதா?"

அதைக் கேட்க நீ இல்லையே, தங்கச்சி. தெரியாத ஒன்றை உன் பெயரில் எப்படி எழுதுவேன்?

பதிலை உன் மச்சாள் கொண்டு வந்தாள், தனக்கே தெரியாமல். நெல் எடுக்க யாவாரி வந்து போயிருந்தான். போனில் கொதித்தாள். "நான் நிறையைச் சொன்ன பிறகும், சாக்கைக் கழிக்கோணும் எண்டு எனக்குப் பாடம் எடுக்கிறான். சாக்கைக் கழிச்சாத்தானே நிறை! அது எனக்குத் தெரியாதா?"

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். அப்பாவின் வட்டை வயலில் நெல் சூடடித்து முடிந்தால் சாக்கின் வாயைப் பிடிக்கிறவள் நீ. நம் வீட்டில் நிறை என்றால் சாக்கைக் கழித்தது. அதை யாரும் வாய் விட்டுச் சொன்னதில்லை. நீயும் எழுதவில்லை. கொழும்புத் தம்பி நெல் நிறுத்துப் பார்த்தவர் இல்லை. அவர் மேல் பிழை சொல்ல முடியுமா?

அன்றைக்கே ரிசானாவை வைத்துக்கொண்டு உன் நெறிமுறையில் இரண்டு வசனம் சேர்த்தேன். 'கூடுதல் தலைப்பகுதி வராவிட்டால் அதன் இடத்தில் எதுவும் இராது. வந்தால், அதன் நீளத்தில் உறை சேராது.' கீழே ஓர் உதாரணமும் போட்டேன். உதாரணம் இல்லாமல் எனக்கு எழுத வராது.

கொழும்புத் தம்பி மரியாதையாகத்தான் பேசினார். பிழையை ஒப்புக்கொண்டார். ஆனால் கையில் வேறு வேலை இருக்கிறதாம், மாற்றக் கொஞ்சக் காலம் ஆகுமாம். எவ்வளவு காலம் என்றதற்கு, பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

அந்த இரண்டு வசனத்தையும் உன் மச்சாளுக்கு வாசித்துக் காட்டினேன். "இதைப் பிள்ளை முதலே எழுதியிருந்தா நீங்க இஞ்ச இருந்திருப்பீங்க," என்றாள். மறுகா, "சரி, நானே ஒருக்கா அங்க வாறன். உங்களுக்குச் சோறு ஆர் போடுறது?" என்றாள்.

ஆகவே கதவு இன்னும் எனக்குத் திறக்கவில்லை, கமலி. வெளியே போக ஒரு குறுக்கு வழி இருக்கிறது. அந்த வசனத்தை 'உறை சேரும்' என்று திருப்பி எழுதி, பெட்டியையும் மாற்றினால் போதும். நான் எழுத மாட்டேன். வாழைச்சேனை திருந்துகிற நாளில் பெட்டியை ஓட விட்டு, கதவைப் பூட்டி, திறப்பை ரிசானாவிடம் கொடுத்துவிட்டுப் போவேன். அதுவரை விளக்கு நின்றால் நான் எழும்புவேன்.

இப்போது நின்றுவிட்டது. எழும்புகிறேன்.

சாக்கைக் கழித்த பிறகும் நிறை குறையாத அன்போடு,
உன் அண்ணன்