அமுங்காத பொத்தானுக்கு ஒரு வரி

ஜூலை 14, திங்கள்
இரண்டாவது டீக்கும் வடைக்கும் நடுவே, மனித குலத்தின் போக்கை மாற்றும் முடிவொன்றை இன்று எடுத்தேன்: மங்கிய பொத்தானுக்கு விளக்கம் கிடையாது. கண் மருத்துவமனை ஒன்றுக்கு நாங்கள் எழுதும் மென்பொருளில், விவரம் ஏதாவது விட்டுப்போனால் பொத்தான் சாம்பல் நிறமாகும், அமுங்காது. ஏன் என்று சொல்லாது. கூட வேலை செய்யும் துளசி ஒத்துக்கொள்ளவில்லை.

"மவுஸ வச்சா ஒரு வரி வரட்டுமேப்பா. இன்னா குறையுதுன்னு தெரிஞ்சா போதும்."

முடக்கிய பொத்தானுக்குத் தன்மேல் மவுஸ் வந்ததே தெரியாது, அதற்குத் தனியாக மெனக்கெட வேண்டும் என்றேன். தவிர, திரை சுத்தமாக இருக்கிறது. சுத்தம் வென்றது.

ஜூலை 23
மருத்துவமனை வரவேற்பில் இருக்கும் புவனேஸ்வரியம்மா, மானிட்டரின் நெற்றியில் குங்குமம் வைத்திருக்கிறார். பொத்தான் மங்கினால் தினசரி காலண்டரைப் பார்க்கிறார்.

"ராகுகாலத்துல எடுக்காதுப்பா. அப்பால தானா எடுக்கும்."

எடுக்கிறதாம். அதற்குள் யாராவது விட்டுப்போனதை நிரப்பியிருப்பார்கள். என் நிரலுக்குப் பஞ்சாங்கம் தெரியும் என்பது எனக்கே செய்தி. துளசியிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி
பிரிண்டர் விஷயமாக அங்கே போயிருந்தேன். கூரத்து ஷேர் ஆட்டோக்காரர் அர்ஜுனன் தனியாக வந்திருந்தார். வலது கண்ணில் பாதிக்குத் திரை இறங்கின மாதிரி இருக்குது என்றார். விழித்திரை பிரிகிறது, உடனே அறுவை சிகிச்சை என்று எழுதிக் கொடுத்துவிட்டு டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்விட்டார். புவனேஸ்வரியம்மாவின் திரையில் 'நாள் ஒதுக்கு' பொத்தான் மங்கியிருந்தது.

"உங்க ராசி இன்னா?"

"மீனம்மா."

"அதான பார்த்தேன்! அஷ்டமி, உங்களுக்குச் சந்திராஷ்டமம் வேற. நாளைக்கு நவமி. ஞாயித்துக்கிழமை பதினெட்டாம் பெருக்கு, லீவு. திங்கட்கிழமை வந்துடுங்க."

"கண்ணும்மா இது."

"கண்ணுன்றதாலதான் சொல்றேன்."

அர்ஜுனன் என்னைப் பார்த்தார். நான் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல கதை ஒன்று கிடைத்த சந்தோஷம்.

ஆகஸ்ட் 4
மருத்துவமனையிலிருந்து துளசி போனில்: "உடன் வருபவர் பேரு காலிப்பா. அவ்ளோதான். இன்னைக்கு அவரு சம்சாரம் ரேணுகாம்பாள் கூட வந்தாங்க. அவங்க பேர அடிச்சதும் பொத்தான் பளிச்சுன்னு ஆயிடுச்சி. ஆனா விழித்திரை நடு வரைக்கும் பிரிஞ்சிடுச்சாம், இனிமே ஆபரேஷன் பண்ணாலும் பார்வை முழுசா திரும்பாதாம். டாக்டர் கத்திக்கினு இருக்காரு."

அவ்ளோதான்.

ஆகஸ்ட் 7
செவிலிமேடு பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி மங்கலாக இருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

கண்ணை மூடினாலும் சாம்பல்தான். அமுக்குகிறேன் — அமுங்கல. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குது. எப்படிச் சொல்லும்? வாயைக் கட்டினது யாரு?

ஆகஸ்ட் 8
பொத்தானைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத சட்டம் ஒன்று போட்டேன். மவுஸ் வருவதை அது உணர்ந்து ஒரு வரி காட்டும்: 'உடன் வருபவர் பெயரை நிரப்பவும்.' ஒரு பிற்பகல் வேலை.

செப்டம்பர் 15
கூரம் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். அர்ஜுனனுடைய வண்டி. அவர் மச்சான் முனுசாமி ஓட்டுகிறார்.