பால் டம்ளரிலிருந்து போன கோடுகள்

அன்புள்ள ஞானாம்பாளுக்கு,

நான் ராஜா மாதிரி இருக்கிறேன். நீயும் பிள்ளைத்தாய்ச்சி மகள் குந்தவையும் சௌக்கியமா? முட்டிக்குத் தைலம் தேய்க்கிறாயா?

இந்தக் கால்நடைக் கல்லூரியில் பேருக்குத்தான் நான் பியூன். நானில்லாமல் வகுப்பே நடக்காது. நேற்றுப் பேராசிரியர் பலகையில் ஒரு டம்ளர் பாலை வரைந்து, "இந்தப் பாலோட எதெது சேருது, எல்லாத்தையும் ஒண்ணா பாருங்க" என்றார். உதாரணத்துக்கு நம் வீட்டைக் கேட்டார்.

"போன ஈத்துல மாசம் நிறையாம செத்து விழுந்த கன்னுக்குட்டிய வெறுங்கையால இழுத்தவன் நான்! நஞ்சுக்கொடிய வைக்கோல்ல சுத்தி ஆலமரத்துல கட்டினேன்" என்றேன். யாரும் கைதட்டவில்லை.

"அங்கிள், அதுலேர்ந்து சொட்டினது எங்க போகும்?" என்றாள் ஒரு மாணவி.

"வாய்க்காலுக்குத்தாம்மா."

மாசம் நிறையாமல் கன்றைப் போடவைக்கும் கன்று வீச்சு நோயாக இருக்கலாமாம். தொட்ட மனிதருக்கும் வருமாம், விட்டு விட்டுக் காய்ச்சல் அடிக்குமாம், வயிற்றுப்பிள்ளைக்கு ஆகவே ஆகாதாம். பால், மாடு, வாய்க்கால் என்று கோடு போட்டார்கள். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி மகள் இருக்கிறாள் என்றேன். எல்லாக் கோடும் குந்தவையிடம் வந்து நின்றது.

பயப்படாதே. அடுத்த ஈத்துக்கு அவளைக் கொட்டகைப் பக்கம் விடாதே. திருப்பனந்தாள் மாட்டு டாக்டரைக் கூப்பிட்டு மாட்டு இரத்தத்தைச் சோதிக்கச் சொல். பாலைப் பொங்கக் காய்ச்சு. போனில் சொன்னால் அவள் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

என் கம்பளியை அனுப்பு. இங்கே எல்லோரும் ஃபேன் போட்டிருக்கும்போது, சாயங்காலமானால் எனக்கு மட்டும் குளிருகிறது. காய்ச்சலெல்லாம் இல்லை, இந்த ஊர்க் காற்று ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

மணி அடிக்கிறார்கள்.

உன்
ரெங்கசாமி